பன்னிரண்டாம் அறையின் தாள்

மார்ச் 4
பன்னிரண்டாம் அறைக்கு ஒரு பெரியவர் வந்திருக்கிறார். பக்கவாதம்; தானாகப் புரள முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, தாளில் அந்த நேரத்துக்கான கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். பகலெல்லாம் மகள்தான் கூட. ஒரு மணி நேரத்தில் தலையணை உறையை மூன்று முறை மாற்றச் சொன்னார். அதற்குள் வார்டில் 'இன்ஸ்பெக்டரம்மா' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

மார்ச் 6
"இப்பதான் கண்ண மூடினாரு. தொடாத" என்றார் மகள்.
"திருப்பலன்னா முதுகு புண்ணாயிடும்மா..."
"எனக்கே பாடம் நடத்துறியா? உன் பெரிய சிஸ்டரக் கூப்பிடு."
வெளியே வந்துவிட்டேன். தாளில் பத்து மணிக் கட்டம் காலி. ஏன் காலி என்று கேட்டால்? தகுதிகாண் காலம் முடிய இன்னும் இரண்டு வாரம். எங்கள் வீட்டிலேயே கையெழுத்துப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். போட்டேன் — திருப்பியதாக.

மார்ச் 7
இன்றும் போட்டேன். மூன்று முறை.

மார்ச் 9
மாலை ஷிப்ட் அக்கா தாளைப் பார்த்துச் சிரித்தார். "அந்தம்மா ராத்திரி வீட்டுக்குப் போற வரைக்கும் என்னைக் கிட்டயே விடல. உனக்கு மட்டும் எப்படிடி வழி விடுறாங்க? மந்திரம் போடுறியா?"
தன் கட்டங்களில் அவர் 'மகள் மறுத்தார்' என்று எழுதியிருந்தார். எனக்கு ஏன் இது தோன்றவில்லை? தோன்றியது. எழுதத்தான் கை வரவில்லை.

மார்ச் 11
பெரியவருக்கு இடுப்புக்குக் கீழே புண். ஷிப்ட் மாறும் நேரம், எல்லோரும் அறையில். "நீ கூட இருந்து என்னக்கா பாத்த?" என்று மகளிடம் அவருடைய தம்பி கத்தினார்.
மகள் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்: "காலையில இந்தப் பொண்ணு ஒழுங்கா திருப்பிச்சு. சாயங்காலம் வர்றவதான் திருப்பாம என் பேரை எழுதி வச்சிருக்கா."
அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
மாலை ஷிப்ட் அக்கா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுடி. அவங்க விட்டாங்களா?"
நான் தரையைப் பார்த்தேன்.

மார்ச் 12
பெரிய சிஸ்டரிடம் போனேன். "அந்தத் தாள்ல நான் போட்ட கையெழுத்து..." அவர் நிமிரவே இல்லை. "போட்டது போட்டபடி இருக்கட்டும். அவளோட சேர்த்து உன்னையும் இழக்க என்கிட்ட ஆள் இல்ல."
இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மார்ச் 14
அக்காவை வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். படிக்கட்டில் எதிரே வந்தார். "சாப்டியா?" என்று மட்டும் கேட்டார்.

மார்ச் 15
காலையிலிருந்து மூன்று முறை திருப்பினேன். மகள் மறுபக்கம் பிடித்துக்கொண்டார்.