மேலே விரித்த பழைய தார்ப்பாய்

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுவது. முகவரி தந்தது உன்னோடு லாரி ஓட்டிய நண்பன்தான், அவனைக் கோபித்துக்கொள்ளாதே. இப்போது கண்டெய்னர் வண்டி ஓட்டுகிறாயாம், தார்ப்பாயைத் தொடவே வேண்டாமாம். ஏன் அந்த வேலையைத் தேடிப் போனாய் என்று எனக்குப் புரிகிறது.

நம் லாரி வாசலில் நிற்கிறது. கிழிந்த தார்ப்பாயை நேற்றுப் பிரித்துப் பார்த்தேன். வெயிலில் வெளுத்த மடிப்பெல்லாம் சருகுபோல் நொறுங்குகிறது. அதற்கு அடியில் போட்ட புதியதில் ஒரு கீறல்கூட இல்லை. புதுச் சட்டை அழுக்காகக் கூடாதென்று அதன்மேல் பழைய சட்டையைப் போட்டுக்கொள்கிறவர்கள் உண்டல்லவா? புதியது வெயிலில் வீணாகாமல் நெடுநாள் உழைக்கட்டும் என்று நீயும் உன் அண்ணனும் அப்படித்தான் செய்தீர்கள். சர்க்கரை மூட்டை ஏற்றிப் போன அன்று மழையில் பழையது கிழிந்து, உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. காற்றில் மடங்கும் குடை கையையே பிடுங்குமே, அதுபோல, இழுத்துக் கட்ட மேலே ஏறிய உன் அண்ணனைத் தூக்கி எறிந்துவிட்டது. சர்க்கரை மூட்டை ஒன்றுகூட நனையவில்லை.

அண்ணனுக்குக் கழுத்துக்குக் கீழே இன்னும் உணர்வு வரவில்லை. இப்போது மூச்சுக்கும் சிரமப்படுகிறான். இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதை நல்ல செய்திபோல உன் அண்ணியிடம் சொல்லி வைத்தேன். உன்னிடம் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிண்டல் மட்டும் போகவில்லை. மூட்டைக்கு ரெண்டு போர்வை போட்டோமே, எனக்கு ஒண்ணுதானா என்று அவளைக் கேட்கிறான். அவள் சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுகிறாள். திரும்பி வர நேரமாகிறது.

பழையதை மேலே விரித்துக் கட்டியது நீதான் என்பதால் நீ வீட்டுப் பக்கம் வராமல் இருக்கிறாய் என்று அவனுக்குத் தெரியும். நேற்று என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். "அவன் புதுசைத்தான் மேல போடப் போனான்பா. நான்தான் மாத்தச் சொன்னேன். அவனை வரச் சொல்லுங்க" என்றான். இதைக் கடிதத்தில் எழுதிவிடுகிறேன் என்றேன். அது போதாதாம், தன் வாயாலேயே உன்னிடம் சொல்ல வேண்டுமாம். பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்குகிறான்.

லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வா. வாசலில் தயங்கி நிற்காதே. அண்ணி உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நேராக உள்ளறைக்குப் போ. அவனால் தலையைத் திருப்ப முடியாது. அதனால் கட்டிலின் பக்கவாட்டில் நிற்காமல் கால்மாட்டில் போய் நில். அங்கே நின்றால்தான் உன் முகம் அவனுக்குத் தெரியும்.

பத்திரமாக வந்து சேர்.

உன்
அப்பா