வலது சக்கரமா, இடது சக்கரமா

எத்தனை தடவை சோப்புப் போட்டாலும் கையிலிருந்து கிரீஸ் வாசம் போகவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அதே வாசம். உனக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். கேட்க நீ இல்லை என்று தெரிந்தும் எழுத உட்கார்ந்திருக்கிறேன். எனக்கிருந்த கொஞ்சநஞ்ச புத்தியும் உன்னோடு போய்விட்டதாக வீட்டில் பேச்சு. மறுத்துப் பேச எனக்கும் தெம்பில்லை.

இன்றைக்கு வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஆமாம், அந்தச் சத்தத்துக்குத்தான்.

ஊரில் மற்றவர்கள் காரில் பாட்டுக் கேட்பார்கள். நாம் பாட்டை அணைத்துவிட்டுச் சக்கரத்தைக் கேட்போம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு ஒரே வண்டியில் போய்வந்த காலம் முழுக்க அதுதான் நமக்குப் பொழுதுபோக்கு. ஆபீசில் யார் யாரோடு பேசுவதில்லை என்ற விவரமெல்லாம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். மிச்ச வழிக்குச் சக்கரம்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற நம்மூர்த் திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்க இரண்டு குடும்பமும் போனோமே, நினைவிருக்கிறதா? பிரேக்கை மிதித்தால் ‘டங்’கென்று ஒரு சத்தம். பிரேக் பேடுதான் என்று அடித்துச் சொல்லி, முந்தின நாள்தான் புதிது போட்டிருந்தேன். புதுப் பேடும் ‘டங்’கென்றது. மலையடிவாரக் கூட்டத்துக்கு நடுவே வண்டியை நிறுத்தச் சொன்னாய்.

“ஏலே, பிரேக் அடிக்கும்போது சத்தம் வந்தா அது பிரேக்குதான்னு எவன் சொன்னான்? நீ பிரேக் அடிச்சா நானுந்தான் கத்துறேன். என்னையும் கழட்டி மாத்துவியா?”

பின்சீட்டுக்கு அடியில் கைவிட்டு ஒரு எவர்சில்வர் தூக்குவாளியை வெளியே எடுத்தாய். அது காணாமல் போனதற்காகத்தான் என் வீட்டுக்காரி பக்கத்து வீட்டம்மாளோடு முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தாள். அன்று மலையேறி முடிக்கும்வரை நீ சிரித்தாய். நான் யாரையும் பார்க்காமல் ஏறினேன்.

அப்படி எப்போதும் நீதான் ஜெயித்தாய். ஆபீசிலிருந்து ஓய்வு பெறும் முன்பே வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொல்லி உன்னை வீட்டில் உட்காரவைத்தார். அந்தச் சமயம் பார்த்துத்தான் என் வண்டியில் இந்தச் சத்தம் வந்தது. வேகம் கூடக் கூட ‘ம்ம்ம்’ என்று, நூல் மில்லுக்குள் இருந்து வருவதுபோல ஒரு முனகல். சக்கரத்து பேரிங் போய்விட்டது என்பதில் நம் இருவருக்கும் சந்தேகம் இல்லை. எந்தச் சக்கரம் என்பதில்தான் சண்டை.

சாயங்காலமானால் உன்னை ஏற்றிக்கொள்வேன். பெல்ட் வயிற்றில் அழுத்தாமல் இருக்க ஒரு சின்னத் தலையணையோடு வருவாய். மில்லின் நீளமான மதிலை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாக ஓட்டுவோம். சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தை நீ கேட்பாய்.

“இடதுதாம்லே. சந்தேகமே இல்ல.”

“எனக்கு வலது பக்கம் கேக்குது.”

“ஒனக்கு ஒன் வீட்டுக்காரி கூப்பிடுததே கேக்காது. வண்டியத் திருப்பு, இன்னொரு ரவுண்டு பாப்போம்.”

இடது பக்கம் ஒடித்தால் பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் கூடினால் கோளாறு வலதில். இது நம் இரண்டு பேருக்கும் மனப்பாடம். சேத்தூர் போகும் வழியில் ஒவ்வொரு வளைவிலும் இடது பக்கம் ஒடித்தேன். ஒவ்வொரு தடவையும் சத்தம் கூடியது. “எங்கலே கூடுது? கொறையல்லா செய்யுது!” என்று சாதித்தாய். கடைசியாக வந்த அன்று மழை. “ஈர ரோட்டுல ஒண்ணும் தெரியாது. காஞ்ச பொறவு பாப்போம்” என்றாய். ரோடு காய்ந்தது. நீதான் இல்லை.

உன் காரியமெல்லாம் முடிந்த பிறகும் வண்டியை அப்படியே ஓட்டினேன். நேற்று கிருஷ்ணன்கோவிலில் ஒரு காலேஜ் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “அண்ணாச்சி, வீலு தனியா ஊருக்குப் போகப் போகுது!” என்று கத்தினார். அதனால்தான் இன்றைக்கு ஒர்க்‌ஷாப்.

மெக்கானிக் ஜாக்கி போட்டுத் தூக்கி, ஒரு கையைச் சக்கரத்துக்கு மேலிருக்கும் ஸ்பிரிங்கில் வைத்து மறு கையால் சக்கரத்தைச் சுற்றினார். இடது, சத்தமே இல்லாமல் சுற்றியது. வலது கரகரவென்றது. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன்.

“பாத்தியாலே!” என்று இடது பக்கம் திரும்பிக் கத்திவிட்டேன். மெக்கானிக்கும் திரும்பி அங்கே யார் என்று பார்த்தார். சாயங்காலத்துக்குள் புது பேரிங் போட்டு வண்டியைக் கொடுத்துவிட்டார்.

வாழ்க்கையில் முதல் தடவையாக உன்னை ஜெயித்திருக்கிறேன். ஒரு மாதமாவது வைத்துக் கிண்டல் பண்ணத் தகுந்த வெற்றி. யாரிடம் போய்ச் சொல்ல? பழைய ஞாபகத்தில் வண்டி உன் வீட்டு வாசலில் போய்த்தான் நின்றது. உன் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

“அவியளுக்குத் தெரியும்ணே. மொத நாளே வந்து சொன்னாவ, அவன் சொல்லுததுதான் சரி, வலதுதான்னு. பொறவு ஏன் சண்ட போடுதியன்னு கேட்டேன். ஒத்துக்கிட்டா நாளைக்கே வண்டிய ஒர்க்‌ஷாப்புல விட்டுருவான், சாயங்காலம் நான் இந்தச் சொவத்தப் பாத்துக்கிட்டுல்லா கெடக்கணும்னாவ.”

அவள் வைத்த காபியைக் குடிக்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

வரும் வழியில் அந்த மதிலை ஒட்டி வண்டியை மெதுவாக விட்டேன். டயர் உருள்வது தவிர ஒரு சத்தமும் இல்லை. வண்டி இனி எண்ணெய் போட்டாற்போல ஓடும் என்று மெக்கானிக் சொன்னது சரிதான். நீ அத்தனை நாள் பொய் சொல்லிக் காப்பாற்றிவைத்திருந்த ஒரே ஒரு சத்தத்தை நானே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

வளைவுகளில் நீ “கொறையுது” என்று சொன்னபோதெல்லாம் உன் முகம் எப்படி இருந்தது? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. உன் குரல்தான் இருக்கிறது. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, சக்கரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.