முடி என்றுதானே சொன்னேன்

செவ்வாய்க்கிழமை, இரவு.

போன வாரம் பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்தபோது, சாமியே இல்லை என்று கல்லூரி நாளிலிருந்து வாதாடும் நான், "முருகா, இவளைக் காப்பாத்து, திருத்தணிக்கு வந்து என் முடியைத் தர்றேன்" என்று வேண்டிக்கொண்டேன். காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்தினால்தான் என்று தெரியும்.

இன்று இவரிடம் கேட்டேன். "மொட்டையோட எப்படிங்க ஆபீஸ் போறது? முடின்னுதானே சொன்னேன்? நுனியில மூணு விரக்கடை வெட்டி, பூமுடி குடுத்தா போதாதா?"

இவர் மொச்சைக்காய் உரித்துக்கொண்டே சிரித்தார். "இல்லாத சாமிகிட்ட எதுக்குடி பேரம்?"

சாமி இல்லையென்றால் போவது முடி மட்டும், வளர்ந்துவிடும். ஒருவேளை இருந்து, நான் ஏமாற்றுவதாக நினைத்துவிட்டால்? நம்பாமலேயே லாப நஷ்டம் பார்க்கிறேன். குழந்தை துவண்டு கிடந்தபோது அளவு எதுவும் சொல்லவில்லை. அவள் எழுந்து விளையாடியதும் விரல் வைத்து அளக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

இதை எழுதும்போதே பாப்பா தூக்கத்தில் இருமினாள். ஒரே ஒரு தடவைதான். "மொட்டைதான் முருகா, மொட்டையேதான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

இவர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தார். சிரிக்கவில்லை.