கடல்ச்சொறி, பொள்ளாச்சி வரை

ஜூலை 4, வெள்ளி

சாரல், காற்று. தென்னை மட்டை விழுந்து அடுக்களை ஓடு இரண்டு காலி.

நீண்ட ஆலோசனைக்குப் பின் இன்று ஒரு முடிவு. ஞாயிறு பொள்ளாச்சியிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்கள் என் ஆராய்ச்சி பற்றிக் கேட்டால் 'ஜெல்லி மீன்' என்று சொல்லப்போவதில்லை. போன தடவை வந்தவர்கள் கிலோ என்ன விலை என்றார்கள். இனி 'கடல்ச்சொறி'. எல்லைக்கு இந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் மலையாளத்தில் படித்த பெயர். பட்டால் அரிக்கும், அதனால். எளிமை. மண்வாசனை.

அம்மா: "ஆடிக்குள்ள முடியோணும் சாமி."

ஜூலை 6, ஞாயிறு

கேசரி, பஜ்ஜி. புடவை அம்மாவுடையது.

மாப்பிள்ளை பிரபு. மருந்துக்கடை. பார்த்ததும் பிடித்துவிட்டது. ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவுக்கு வருவது ஆய்வு நெறிக்கு விரோதம். இருந்தாலும்.

அவர் அம்மா அடுக்களைக்கே வந்தார். மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"என்னமோ ஆராய்ச்சின்னாங்க, என்ன அம்மிணி?"

"கடல்ச்சொறிங்க. டிஎன்ஏல சில துண்டு ஒரு இடம் விட்டு இன்னொரு இடத்துக்குத் தாவுமுங்க."

"பரவுமா?"

"தன்னையே நகலெடுத்துப் பரவுமுங்க."

"புள்ளைகளுக்கும் வருமா?"

"தலைமுறை தலைமுறையா வருமுங்க."

"அடக்க முடியாதா?"

"செல்லே அடக்கி வெக்குமுங்க. சில நேரம் மீறிடும்."

மூன்றும் இத்துறையின் ஆதாரக் கேள்விகள். என் கைடு ஒன்றைக்கூட இவ்வளவு கவலையோடு கேட்டதில்லை.

கிளம்பும்போது பிரபு: "அது ஏனுங்க தாவுது?" தெரியவில்லை என்றேன். "பார்ப்பமுங்க" என்று சிரித்தார். என்ன பார்ப்பார்?

ஜூலை 8, செவ்வாய்

போன் இல்லை. மூன்றாம் அத்தியாயம் திருத்தம்: துண்டு இடம் தப்பி ஒட்டினால் நல்ல ஜீனும் உளறும். ஒரே வரியை நாலு முறை எழுதினேன். சிக்னல் இருக்கிறதா என்று வாசல்வரை போய்ப் பார்த்தேன். இருக்கிறது.

ஜூலை 9, புதன்

தரகர் போன். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்க்கா, பொண்ணுக்குச் சொறி இருக்குதுன்னு முன்னாடியே சொல்லப்படாதுங்களா? பரம்பரையாமா. பொண்ணே ஒத்துக்கிச்சாமா."

"சொறி பொண்ணுக்கில்லீங்க, கடலுக்கு!"

"எதுக்கோ ஒண்ணுக்குங்க."

கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்டில் 'கடல்' மட்டும் பிடிபட்டிருக்க வேண்டும்.

பிரபுவுக்குக் காட்டச் சொல்லித் தரகருக்கு ஒரு விளக்கம், ஜெல்லி மீன் படத்துடன். அனுப்பிய பிறகுதான் கவனித்தேன். படம் பார்க்கப் பெரிய கொப்புளம் போலிருக்கிறது.

கேசரி மீதி தீர்ந்தது.

ஜூலை 11, வெள்ளி

மழை. ஓடு மாற்றியாயிற்று.

தரகர் வந்தார். ஜாதகம் திரும்பி வந்தது. கூடவே மருந்துக்கடைக் கவரில் ஒரு ட்யூப் களிம்பு. கவர்மேல் பேனாவில்: காலை, இரவு.