வரும்போல இருக்கு

இன்று மத்தியானம் காய்ந்த துணியை எடுக்கப் போனபோது மேற்கேயிருந்து நனைந்த கரிசலின் வாசம் வந்தது. நம் வீட்டுக்கு மேலே பொட்டு மேகமில்லை. நீங்கள் இருந்திருந்தால் மூக்கைத் தூக்கி, "எங்கனயோ பெய்யுது. இங்கனயும் வரும்போல இருக்கு" என்றிருப்பீர்கள்.

அந்தப் 'போல'வோடு எத்தனை சண்டை போட்டிருக்கிறேன்! மழைக்கு முன்பே புழுதியில் விதைப்பதா, ஈரம் கண்ட பிறகா என்று வருஷா வருஷம் இதே பேச்சுதான். முந்தினால் விதை எறும்புக்குப் போகும். பிந்தினால் சேற்றில் கால் வைக்க முடியாது. ஒரு புரட்டாசியில் உங்களை நம்பி உளுந்து விதைத்தோம். வெறும் தூறலோடு நின்றது, முளையெல்லாம் கருகிவிட்டது. வரும் என்றீர்களே என்று எகிறினேன். நீங்கள் அசையவில்லை.

"ஏட்டி, வரும்னா சொன்னேன்? வரும்போல இருக்குன்னேன். மேகம் காட்டுனது அம்புட்டுதான். அதுக்கு மேல சொன்னா பொய்யாயிரும்லா?"

நன்றாக வழுக்குகிற மனுஷன் என்று நினைத்தேன். மறு வருஷம் அதே மாதிரி மேகத்தைப் பார்த்து விதைத்தீர்கள், விளைந்தது. அப்போதும் 'பார்த்தியா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் டாக்டர், தேறிவிடுவார் போலத் தெரிகிறது என்றார். காய்ச்சல் இறங்கியிருந்தது, கஞ்சி குடித்தீர்கள். மறுநாள் போய்விட்டீர்கள். மகள் அவரைத் திட்டித் தீர்த்தாள். எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் அவர் கண்டதைத்தான் சொன்னார். இறங்கின காய்ச்சல் பொய்யில்லை. அடையாளம் வேறு, நடக்கப்போவது வேறு. நடுவில் கிடக்கிற இடத்துக்குத்தான் நீங்கள் 'போல' என்று பெயர் வைத்திருந்தீர்கள்.

இது புரிந்தும், இனி எதையும் நம்பமாட்டேன் என்று போன வருஷம் புஞ்சையைத் தரிசாகப் போட்டேன். இந்த வருஷமும் விட்டுவிடு, கேட்கிறவர்களுக்கு விற்றுவிடலாம் என்கிறாள் மகள். செல்போனில் மழைக்கு வாய்ப்பு என்றுதான் போட்டிருக்கிறதாம், நிச்சயம் என்று இல்லையாம். நிச்சயம் தெரிந்துதான் விதைப்பது என்றால் இந்தக் கரிசலில் ஒருத்தரும் சோறு தின்றிருக்க முடியாது என்று சொல்லி போனை வைத்தேன்.

விதை உளுந்தை எடுத்துக்கொண்டு புஞ்சைக்கு வந்துவிட்டேன். உழ வரச்சொல்லியிருந்த டிராக்டர்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு மேகத்தையும் காணோமே, மழை வருமா மதினி என்று கேட்டார். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"வரும்போல இருக்கு. நீங்க உழுங்க."