வள்ள மதகு பழுதாயிருந்த நாட்கள்

1993 பிப்ரவரி 9, செவ்வாய்

இன்றைக்கும் வள்ளங்கள் நின்றன. வெள்ளத்தில் கெட்டுப்போன மதகின் கடல்பக்க வெளி ஷட்டரைச் சரிபண்ண ஆள் வரவில்லை. முன்பெல்லாம் கடல் பக்கமிருந்து வள்ளம் உள்ளே வந்ததும் பின்னால் ஒரு ஷட்டரை இறக்குவார்கள். உள்ளே தண்ணீர் ஏறி ஆற்று மட்டத்துக்கு வந்ததும் முன்னால் உள்ளதைத் தூக்குவார்கள். வெற்றிலை மென்று துப்புகிற நேரம்தான். இப்போது வெளி ஷட்டர் மேலேயே சிக்கிக்கொண்டது, இறங்க மாட்டேன் என்கிறது. அதனால் கடல் ஏறி ஆற்று மட்டத்தைத் தொடும்வரை எல்லாரும் காத்துக் கிடக்கிறார்கள்.

அம்மையும் நானும் மதகுக் கரையில் கிழிந்த வலை பொத்துகிறோம். அம்மைக்குக் கண் மங்கினதால்தான் எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தினார்கள். இப்போது வலையை விட ஆட்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கிறது. குனிந்தே இருக்கிறேன்.

பிப்ரவரி 17, புதன்

சிப்பி ஏற்றி வருகிற ரெக்சன் கடல் ஏறும்வரை மதகை ஒட்டிய எங்கள் வீட்டுப் பூவரசில்தான் கயிறு கட்டுவான். இன்று கயிறு நழுவி வள்ளம் தன் பாட்டுக்குக் கிளம்பிவிட்டது. அவன் மதகு மேலே கதையடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஓடிப்போய்ப் பிடித்து நானே கட்டினேன், வலைக்குப் போடுகிற முடிச்சு. கடல் ஏறினதும் அவனால் அவிழ்க்க முடியவில்லை.

"ஏட்டி, இது வள்ளமா மாடா? இந்த இறுக்கு இறுக்கியிருக்க!"

ஷட்டரை ஏற்றி இறக்குகிற மதகு லஸ்கர் அப்பாத்துரை அண்ணாச்சி மேலேயிருந்து, "ஏலே, அவ போட்ட முடிச்சை அவதாம்லே அவுக்கணும். கேட்டுப் பாரு, வாயைத் தொறந்து முத்தா உதிர்ப்பா" என்றார்.

நான் பல்லால் கடித்து அவிழ்த்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "பைய. பல்லு போயிரும்" என்றான்.

அவன் கால் முழுக்கச் சிப்பித் தூள். வெள்ளை வெள்ளையாக.

பிப்ரவரி 24

சாம்பல் புதன். மதகு சீக்கிரம் சரியாக வேண்டும் என்று சாமியார் மன்றாட்டில் சேர்த்தார். ஊரே "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. நான் சொல்லவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன்.

மார்ச் 3

அவன் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன். "செம்பு நல்லாருக்கு" என்றான். நசுங்கின செம்பு.

மார்ச் 8

காற்று. வள்ளம் வரவில்லை. ஒரு வலையையே இரண்டு தடவை பொத்தி அம்மையிடம் ஏச்சு வாங்கினேன்.

மார்ச் 12, வெள்ளி

எழுத வேண்டுமா? எழுதினால் நிஜமாகிவிடும். எழுதாவிட்டாலும் நிஜம்தான்.

ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி நாள். அம்மை சிலுவைப்பாதைக்குப் போயிருந்தாள். அவன் பூவரசடியில் வந்து நின்றான்.

"அஞ்சலின், ஒனக்கு எந்தக் கோயில்ல ஞானஸ்நானம்? அம்மை கேட்டுட்டு வரச் சொன்னா."

எனக்குக் காது சுட்டது. எங்களில் ஒரு பையன் வீட்டிலிருந்து இதைக் கேட்டால் வேறு அர்த்தமே கிடையாது. கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிக்க ஞானஸ்நானச் சீட்டு வேண்டும், அதற்குத்தான் கேட்பார்கள். "ஈஸ்டர் கழியட்டும்" என்றும் சொன்னான். தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

பேசாதவள் பேசினேன். தூத்துக்குடியில் இருந்தபோது பிறந்தேன் என்றேன். ஞானஸ்நானமும் அங்கேதான் என்றேன். அதோடு நிறுத்தக் கூடாதா? பேச ஆசையாக இருந்தது. "சிலுவையம்மாள்னு ஒருத்தவதான் என்னைக் கையில ஏந்துன ஞானத்தாய். நாங்க இங்க வந்தப்புறம் அவுகளை அம்மை பாக்கவே இல்ல" என்றேன்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அது எங்கம்மைலா" என்றான்.

பிறகு சிரித்தான். சிரித்தானா, சிரிப்பை இழுத்து வைத்துக்கொண்டானா?

"அப்ப நீ எனக்குத் தங்கச்சில்லா!"

கடல் ஏறியிருந்தது. கயிற்றை அவனே அவிழ்த்துக்கொண்டு போனான்.

மார்ச் 13

தங்கச்சி.

மார்ச் 19

அம்மைக்கு ஒரே சந்தோஷம். ரெக்சன் மூலம் சிலுவையம்மாள் கிடைத்துவிட்டாளாம். சாதாரணமாகக் கேட்கிற மாதிரிக் கேட்டேன்: "ஞானத்தாய் மகன் என்ன முறைம்மா?"

"ஒரு வயித்துல பொறந்த முறை. அவ ஒன்னைக் கையில வாங்கித்தான சாமி தண்ணி ஊத்துனாரு? இது என்ன கேள்வி?"

வலையைப் பார்த்துக்கொண்டேன். நான் கைக்குழந்தை. தூங்கிக்கொண்டுகூட இருந்திருப்பேன். என்னை யார் ஏந்தணும்னு என்ட்ட யாரு கேட்டா?

மார்ச் 27, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பாவமெல்லாம் சொல்லி முடித்து, ஞானத்தாய் மகனைக் கட்டிக்கொள்வது பாவமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாமியார் இரண்டு தடவை "என்னது?" என்றார்.

"திருச்சபை அதைத் தடுக்கலியேம்மா. ஊர்தான் அப்படிச் சொல்லுது. யாருக்குக் கேக்க?"

"ஒரு பிள்ளைக்கு, சாமி."

தடுக்கவில்லை! இது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அவன் அம்மையிடம் பேசுவான். புதன்கிழமை சிப்பி வள்ளம் வரும், கடல் ஏறும்வரை நிற்கும். அம்மை சந்தைக்குப் போவாள். "திருச்சபை தடுக்கலியாம்." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். தண்ணீர் கொடுக்கும்போது சொல்லிவிடுவேன். சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன். சுவரிடம் நன்றாக வருகிறது.

மார்ச் 31, புதன்

மதகு சரியாகிவிட்டது.

திங்கட்கிழமையே ஆபீஸ் ஆட்கள் புது பல்சக்கரம் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். சும்மா தட்டிப் பார்க்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். இன்று செம்பைத் தேய்த்துக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதகில் கைதட்டல் கேட்டு ஓடினேன். அவன் வள்ளம் உள்ளே நிற்கிறது, பின்னால் ஷட்டர் இறங்கிவிட்டது, தண்ணீர் மளமளவென்று ஏறுகிறது. இரண்டு பக்கமும் கூட்டம். அப்பாத்துரை அண்ணாச்சி கல்யாண மாப்பிள்ளை மாதிரி மாலை போட்டிருந்தார். "பாத்தியளா வே! வெத்தல மெல்லுததுக்குள்ள!" என்று சத்தம் போட்டார்.

ரெக்சன் என்னைப் பார்த்தான். பார்த்தான்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். ஆனால் எல்லாருக்கும் கேட்கும்.

வாயைத் திறந்தேன். வரல. எனக்கு வரலையே.

முன் ஷட்டர் மேலே போனது. அவன் கம்பை ஊன்றிக் கையைத் தூக்கிக் காட்டினான். வள்ளம் பூவரசைத் தாண்டிப் போய்விட்டது.

ஏப்ரல் 2

நிற்கவில்லை.

ஏப்ரல் 7

நிற்கவில்லை. இனி எதுக்கு நிற்கும்?

ஏப்ரல் 20, செவ்வாய்

சிலுவையம்மாள் வந்தார்கள். என்னைக் கட்டிப்பிடித்து, "எம்மா, நான் ஏந்துன பிள்ளையா இது!" என்று அழுதார்கள். நல்லவர்கள். அதுதான் கஷ்டமாக இருக்கிறது. ரெக்சனுக்கு வீரபாண்டியன்பட்டணத்தில் ஜெசிந்தா என்று ஒரு பெண்ணைப் பேசி முடித்துவிட்டார்களாம். முதல் ஓலையும் வாசித்தாயிற்று.

"அவனுக்குக் கூடப்பொறந்த பொம்பளப் பிள்ள இல்ல. தாலி கட்டும்போது முடிச்சுப் போட தங்கச்சி வேணும்லா? நீதாம்மா வரணும்" என்று ஒரு சேலையை மடியில் வைத்தார்கள். மாம்பழ நிறம்.

அம்மை எனக்கு முன்னால் சரி சொல்லிவிட்டாள். நான் தலையாட்டினேன். எதற்குத்தான் நான் தலையாட்டவில்லை?

மே 2, ஞாயிறு

கல்யாணத்துக்கு முன்னாடியே என்னை அவர்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். கோயிலில் மூன்றாம் ஓலை வாசித்தார்கள். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." யாரும் பேசவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை விக்கிற்று. நானும் பேசவில்லை. எனக்குத் தெரிந்தது தடை இல்லை என்பதுதானே. அதைச் சொல்ல யாரும் கேட்கவில்லை.

அவன் வீட்டில் என் எதிரே வருவதில்லை. வந்தாலும், "தங்கச்சி சாப்பிட்டாச்சா?" என்று அவன் அம்மையிடம் கேட்கிறான்.

மே 5, புதன்

கல்யாணம் முடிந்தது.

நான் ஜெசிந்தாவுக்குப் பின்னால் நின்றேன். அவன் தாலியை வைத்து முதல் முடிச்சைப் போட்டான். மீதியை நான் வாங்கிக்கொண்டேன். அவள் கழுத்தில் வேர்வை, மல்லிகைப்பூ, பின்கழுத்தில் சின்ன மச்சம். எனக்கு ஒரே முடிச்சுத்தான் போடத் தெரியும். அதைத்தான் போட்டேன். போட்டுவிட்டு இழுத்துப் பார்த்தேன்.

"பைய" என்றான். எனக்கு மட்டும் கேட்டது.

சாயங்காலம் என்னையும் அம்மையையும் வள்ளத்தில் அனுப்பிவைத்தார்கள். வேறு யாரோ கம்பு ஊன்றினார். மதகுக்கு வந்தோம். பின் ஷட்டர் இறங்கியது, தண்ணீர் ஏறியது, முன் ஷட்டர் திறந்தது. அம்மை வாயில் வெற்றிலை அப்படியே இருந்தது.

சேலையை நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன். சாயம் போகவில்லை.