இருபத்திரண்டு வீடு, காய்ச்சல் ஜீரோ

மே 18, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மழை வருவதுபோல் காட்டிவிட்டு அரூர் பக்கம் போய்விட்டது.

தெருவின் இரு முனையிலும் தகரம் அடித்து இன்று ஏழாம் நாள். விதி எளிது. புதிதாக யாருக்கும் காய்ச்சல் இல்லாமல் பதினாலு நாள் போனால் தகரத்தை எடுப்பார்கள். ஒருவருக்கு வந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து. காய்ச்சலா என்று தினமும் போனில் கேட்டு எழுதும் வேலை எனக்கு. கணக்கு வாத்தியார், பள்ளி மூடிக் கிடக்கிறது, சும்மா இருக்கக் கூடாதாம். நானும் தகரத்துக்கு உள்ளேதான்.

இன்றைய பதில்கள்: இல்லீங்க சார். இல்லவே இல்லீங்க. பழனியம்மாக்கா வீட்டில் பின்னால் யாரோ இருமுகிறார்கள். "அது ஆடுங்க சார்."

இருபத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஜீரோ. சுகாதார ஆய்வாளர் பாராட்டினார்: "உங்க தெரு சூப்பர் சார்."

மதியம் வழக்கம்போல் உலகம். லேப்டாப்பில் நாடுவாரியாகக் கொரோனாச் சாவுக் கோடுகள், பத்து லட்சம் பேருக்கு இத்தனை என்று. இத்தாலி நீலம், பிரேசில் பச்சை, நமக்குச் சிவப்பு. சில நாடுகளில் ஞாயிற்றுக்கிழமை யாரும் சாவதில்லை. செவ்வாய்க்கிழமை சேர்த்துச் சாகிறார்கள். தட்டையான கோட்டில் இரண்டு வகை: யாரும் சாகாத நாடு, எண்ண ஆள் இல்லாத நாடு. படத்தில் வித்தியாசம் தெரியாது. கோபத்தோடு குறித்துக்கொண்டேன். பிறகு முருங்கைக்கீரை உருவினேன்.

மே 19, புதன்

எதிர்வீட்டுச் சின்னசாமி அண்ணன். பெரியப்பா மகன். அண்ணி போய் நாலு வருஷம், மகள் ஓசூரில், வீட்டில் தனியாள். காய்ச்சலா என்று கேட்டதும் குரலைத் தாழ்த்தினார்.

"லேசா ஒடம்பு சுடுதுடா. எழுதிராத."

"எழுதணும்ண்ணா."

"தகரம் எடுக்க இன்னும் ஆறு நாளு. தக்காளி பழுத்து நிக்குது. எனக்கு மட்டுமா, தெருவுல பாதிப் பேருக்கு. என் ஒருத்தனால எல்லா வூட்டுக்கும் நட்டமா? வெயில்ல நின்னேன், அந்தச் சூடுதான்."

எட்டு நாளாகத் தகரத்துக்குள் இருப்பவர் எந்தக் காட்டு வெயிலில் நின்றார் என்று கேட்கவில்லை.

எழுதியது: ஜீரோ.

விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவியை அவர் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். 96.

மே 20, வியாழன்

அண்ணன் 95. காய்ச்சல் விடவில்லை. சாந்தி ரசம் வைத்துக் கொடுத்தாள். தெரு கேட்டால் சொல்ல ஒரு பொய்யும் தயாராக வைத்திருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத திறமை.

தென்னமெரிக்க நாடு ஒன்றின் கோடு ஒரே நாளில் செங்குத்தாக ஏறியிருக்கிறது. அடிக்குறிப்பு: விட்டுப்போன சாவுகள் இப்போது சேர்க்கப்பட்டன. பஸ்ஸில் விட்டுவிட்டு வர அது என்ன குடையா? நல்ல வரி. எழுதிவைத்தேன். அதே பேனாவால் நம் தெருவுக்கு: ஜீரோ.

மே 21, வெள்ளி

93. "நாளைக்கு சரியாயிரும்" என்கிறார் அண்ணன். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கினார்.

ரேஷன் பருப்பைத் தகரத்துக்கு மேலே வீசினார்கள். ஒரு பாக்கெட் கிழிந்தது. எறும்புக்குக் கட்டுப்பாடு இல்லை.

ஜீரோ.

மே 22, சனி

காலை 89.

கிராஃப் தாளை எடுத்து நாலு புள்ளி வைத்தேன். ஒரு வருஷமாக எல்லா நாட்டுக்கும் செய்து கை பழகிவிட்டது. இன்றைய எண்ணைப் பார்க்காதே, சரிவைப் பார். முதலில் ஒன்று குறைந்தது, அப்புறம் இரண்டு, அப்புறம் நாலு. அடுத்தது என்ன என்று எட்டாம் வகுப்பில் கேட்டால் கடைசி பெஞ்சும் சொல்லும். ஸ்கேலை வைத்து நீட்டினேன். தகரம் எடுக்கும் செவ்வாய்க்கிழமைக்குத் தாளில் இடமில்லை.

எழுதினேன்: காய்ச்சல் 1. ஆம்புலன்ஸுக்கும் நானே போன் செய்தேன்.

ஒரு தகரத்தைக் கழற்றினார்கள். அண்ணன் ஆம்புலன்ஸ் வரை நடந்தே போனார். ஏறும்போது என்னைப் பார்த்து, "தக்காளிய ஆள வுட்டுப் பறிக்கச் சொல்லு" என்றார். எந்த ஆளை?

தகரம் மறுபடி. பழனியம்மாக்கா வாசலில் நின்று பொதுவாகப் பேசினாள்: "படிச்ச மனுசன் பண்ற வேலையா இது? சொந்த அண்ணனையே புடிச்சுக் குடுத்துட்டாரு. இன்னும் பதினாலு நாளைக்கு இந்தாளு மூஞ்சியப் பாத்துக்கிட்டே கெடக்கணும்."

சாந்தி உள்ளிருந்து: "நான் பத்தொம்போது வருசமாப் பாக்கறேங்க்கா."



மே 23, ஞாயிறு

தகரம்: முதல் நாள்.

பத்தரை மணிக்குத் தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து போன். டாக்டர், சின்ன வயசுப் பெண் குரல்.

"ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருக்கறதால உங்க அண்ணன் பேச முடியலீங்க. எத்தனை நாளாக் காய்ச்சல்னு கேட்டா ஒரு விரலக் காட்டறாரு. உங்க லிஸ்ட்லயும் நேத்துதான்னு இருக்கு. ஆனா ஸ்கேன் அப்படி இல்லீங்களே. எத்தனாவது நாளுங்கறத வச்சுத்தான் மருந்து. முந்திக் குடுத்தாலும் தப்பு, பிந்திக் குடுத்தாலும் தப்பு. கரெக்டா சொல்லுங்க சார்."

அந்த நிலையிலும் ஒரு விரல். என் ஜீரோக்களைக் காப்பாற்றுகிறார்.

சாந்தி எதிரில் நின்று கையை ஆட்டினாள். வேண்டாம், வேலை போய்விடும்.

"புதன்கிழமையிலிருந்துங்க."

"அப்ப லிஸ்ட்ல மூணு நாளு ஜீரோ போட்டது யாரு சார்?"

"நான்தாங்க."

ஏதோ எழுதும் சத்தம். "அஞ்சாம் நாளு" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அந்தத் தெருவுல வேற யாருக்காவது இருக்குங்களா?"

"லிஸ்ட்படி..."

"லிஸ்ட்ட நான் கேக்கலீங்க சார்."

இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு வீடு வீடாக நேரில் கேட்கக் கிளம்பினேன். முதல் மூன்று வீட்டில் கதவைத் திறக்கவில்லை. நாலாவது வீட்டில் திறந்தார்கள். அந்த ஒரு வீட்டில் காய்ச்சல்: 3.